வண்டி சம்மதித்த விலை

அந்த ஊரில் கார் வாங்கக் காசு மட்டும் இருந்தால் போதாது. காரின் சம்மதமும் வேண்டும்.

சிரிக்காதீர்கள். பெரிய சாலை முனையில் இருக்கும் ஷோரூம் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்றிருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது. அப்படி ஒரு கூட்டம். கார் வாங்க வந்தவர்கள் கொஞ்சம். வாங்குகிறவர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறைய. எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல், நாலு பேர் நிற்கிறார்களே என்று சேர்ந்துகொண்டவர்கள் அதைவிட நிறைய. ஒரு சைக்கிள்காரர் கூடக் கைகூப்பி நின்றார். அவருக்கு என்ன வேண்டுதலோ!

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வழுவழுத் தரையில், வாகன ஞானி எழுந்தருளியிருந்தார்.

வெள்ளைக் கோட்டு. கைகளில் கறுப்புத் தோலுறை. கழுத்துச் சங்கிலியில் வெள்ளியில் செய்த குட்டி ஸ்டீரிங். கண்கள் பாதி மூடியிருக்கும். பெட்ரோல் வாசனையில் சொக்கிப்போன மாதிரி ஒரு பார்வை. இதற்கு முன் அவர் என்ன வேலை செய்தார் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஞானியிடம் போய் அனுபவச் சான்றிதழா கேட்பார்கள்?

அவருடைய தத்துவம் எளிமையானது. ஒவ்வொரு காருக்கும் ஆன்மா உண்டு. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நொடி அதற்குப் பிறந்த நேரம். யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதற்கே தெரியும். சம்மதம் என்றால் விளக்கை இரண்டு முறை சிமிட்டும். கோபம் என்றால் ஹாரன் அடிக்கும். இவ்வளவு வரைக்கும் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். அதற்கு மேல்தான் சரக்கே இருந்தது.

"விலை என்பது வண்டியின் மானம்" என்பார் ஞானி, குரலைத் தாழ்த்தி. "பேரம் பேசுகிறவன் அந்த மானத்தில் கை வைக்கிறான். அவமானப்பட்ட வண்டி மறக்காது. ஏதாவது ஒரு வளைவில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்."

கூட்டம் "ஐயையோ" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பலகையில் எழுதியிருக்கும் விலையை அப்படியே கொடுக்கும். அதற்கு மேல் 'சம்மதக் கட்டணம்' என்று ஒன்றையும் தனியாகக் கொடுக்கும். உலகத்தில் இத்தனை கார்கள் இருக்க, ஒரு கார்கூட, "எனக்குக் கொஞ்சம் குறைத்தே வாங்கிக்கொள்ளுங்கள், பாவம் பிள்ளைகுட்டிக்காரர்" என்று சொன்னதில்லையே, எல்லாக் கார்களின் ஆன்மாவும் ஷோரூம் முதலாளியின் கல்லாப்பெட்டி பக்கமே சாய்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சந்தேகப் பேர்வழிகளுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. உயரமான மேடை ஒன்றில் கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் காரின் சாவி. யார் கையும் படாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். "சாவி அங்கே, வண்டி இங்கே. பின்னே எப்படிங்க விளக்கு எரியுது?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பதிலை யோசிக்காமலே வாயைப் பிளப்பார்கள். புதுக் கார் வாங்கினால் கையில் இரண்டு சாவி கொடுப்பார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

இப்படி விட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர்தான் கண்ணாடிக்காரர்.

மார்க்கெட் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்துக் கை சரியான பிறகும் அவருக்கு ராத்திரி தூக்கம் சரியாகவில்லை. இப்போது அவள் வயிற்றில் இரட்டைக் குழந்தை. ஸ்கூட்டரை விற்றுவிட்டார். பிரசவத்துக்குள் கார் வந்தாக வேண்டும்.

சனிக்கிழமை மாலை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகப் போனார். நீல நிறத்தில் ஒரு கார் அவர் மனசைப் பிடித்துக்கொண்டது. பின் கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், அந்தச் சத்தத்தில் மயங்கினார். கடைக்காரர் அல்லவா, பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் வாய் தன் பழக்கத்துக்குக் கேட்டுவிட்டது:

"விலையில ஏதாவது பாத்துப் பண்ணுங்களேன்..."

பாஆஆம்!

கண்ணாடிக்காரர் துள்ளிக் குதித்துப் பூந்தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தார். கூட்டம் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. ஞானி மெதுவாக வந்து, தோலுறைக் கையைக் காரின் முன்பக்க மூடிமேல் வைத்தார். கண்ணை மூடினார்.

"பின் இருக்கையில் இரண்டு சின்ன உயிர்களைப் பார்க்கிறேன்..."

கண்ணாடிக்காரர் பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இவருக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் முன்னால்தான் விற்பனைப் பெண்ணிடம், "பின்னாடி ரெண்டு குழந்தை சீட்டு போட முடியுமாம்மா? எங்களுக்கு இரட்டைக் குழந்தைம்மா!" என்று ஷோரூம் முழுக்கக் கேட்கும்படி கேட்டிருந்தார். அது அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பக்தி வரும்போது முதலில் வெளியே போவது ஞாபகசக்தி.

"அவற்றுக்கு ஆபத்து வர வேண்டாம் என்றால்" என்றார் ஞானி, "இனி வாயிலிருந்து பேரம் வரக் கூடாது. நாளைக்கு முன்பணத்தோடு வாருங்கள். நான் வண்டியைச் சமாதானப்படுத்தி வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மனைவியிடம் சொன்னார். அவள் சோபாவில் கால் நீட்டி, வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். நாள் முழுக்க ஊர்க்காரர்களின் புலம்பல், ஏச்சு, அழுகை எல்லாவற்றையும் காதில் வாங்குகிறவள். கார் ஹாரன் அவளை அசைக்கவில்லை.

"ஹாரன் அடிச்சுதா?"

"ஆமாம்மா! நான் குறைச்சுக் கேட்டேன் பாரு, அந்த நொடியே!"

"யார்கிட்ட கேட்டீங்க?"

"மேனேஜர்கிட்ட."

"நீங்க கேட்டப்ப அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். "சும்மாதான் நின்னார். ஒரு கையில காப்பிக் கப்பு. இன்னொரு கை பாக்கெட்டுல."

"ம்" என்றாள். ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கடித்தாள். வண்டியின் பெயரையும் விலையையும் அவரிடம் கேட்டுக்கொண்டு, போனை எடுத்து யாரிடமோ பேசிவிட்டு வைத்தாள். "அடுத்த ஊர் ஷோரூம்லதாங்க கேட்டேன். இதே வண்டி, இதே கலர். இவங்க பலகை விலையைவிட அங்க எவ்வளவு குறைவு தெரியுமா? அந்த வித்தியாசத்துல ரெண்டு தொட்டில், ஒரு வாஷிங் மெஷின், எனக்கு ஆறு மாசம் ஒத்தாசைக்கு ஒரு ஆள். எல்லாம் முடிஞ்சிடும்."

"அங்க வண்டிக்கு ஆன்மா இல்லையோ என்னமோ."

"ஏங்க, அங்க ஹாரன் அடிக்க ஆள் இல்லை. அதான் குறைவு."

"விளையாடாத. அவர் குழந்தைங்களைப் பத்திச் சொன்னாரு." அவர் குரல் உடைந்தது. "அன்னைக்கு நீ ரோட்டுல விழுந்து கிடந்ததை நான் பார்த்தேன். நீ பார்க்கல. பணம் போனா போகட்டும்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். கிண்டல் அந்த நிமிஷம் இல்லை.

"உங்க பயம் நிஜங்க. அதை நான் தப்புன்னு சொல்லல. ஆனா உங்க பயத்துக்கு ஒருத்தன் விலை போட்டு விக்கிறான் பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நாளைக்கு நானும் வரேன். முன்பணத்தையும் எடுத்துக்கங்க. வண்டி நிஜமாவே பேசுச்சுன்னா நானே அதைக் கும்பிட்டு, கேட்ட விலையைக் கொடுத்துடறேன். சரியா?"

சரி என்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

மறுநாள் கூட்டம் வழிவிட்டது, அவள் வயிற்றுக்கு மரியாதை கொடுத்து. உள்ளே நுழைந்ததும் நீலக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தாள். ஞானியின் முகம் சுருங்கியது. மேனேஜர் ஒரு கையால் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதே கையால் தண்ணீர் கொடுத்து, அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியது.

"மேடம், ஐயா நேத்து நல்லபடியா பேசிட்டுப் போனார். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"விலை பேச வேண்டாமா?" என்றாள் அவள், ஊருக்கே கேட்கும்படி. "இந்த விலை ரொம்ப ஜாஸ்தி. பாதிக்குக் கொடுங்க."

பாஆஆம்! பாம்! பாம்!

கூட்டம் பதறிப் பின்வாங்கியது. கண்ணாடிக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஞானி தோலுறைக் கைகளை உயர்த்தினார்.

"அம்மா! வயிற்றில் இருக்கும் உயிர்களை நினைத்தாவது நாவை அடக்கு!"

"அடக்கிட்டேன் சாமி. ஒரே ஒரு சந்தேகம். வண்டிக்குக் காது கேக்குமா?"

"நீ மனசில் நினைப்பதும் கேட்கும்."

"அடடா, அவ்வளவு கூட வேண்டாம். காதோட சொன்னாக் கேட்டுக்குமா?"

"கேட்கும்!"

"அப்ப இனிமே சத்தமா பேசி அதோட மானத்தை வாங்க மாட்டேன். என் விலையை வண்டி காதுல ரகசியமா சொல்றேன். அது சரின்னா விளக்கு போடட்டும், இல்லைன்னா ஹாரன் அடிக்கட்டும். நான் என்ன சொன்னேன்னு பின்னாடி மாத்திப் பேசக் கூடாது பாருங்க, அதனால முதல்ல ஒரு சாட்சிகிட்டச் சொல்லிடறேன்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க ஞானி ஐயாமேல ரொம்ப நம்பிக்கை உள்ளவங்க யாரு?"

பத்துக் கை உயர்ந்தது. அதில் மிக உயரமாக உயர்ந்தது டீச்சரம்மாவின் கை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துபவர். போன மாதம் சிவப்புக் கார் வாங்கியவர், சம்மதக் கட்டணத்தோடு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஞானியைத் தரிசித்துவிட்டுப் போகிறவர்.

"நீங்க வாங்க டீச்சர். உங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது."

ஞானிக்கு என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். "சோதனை செய்தால் வண்டி..." என்று ஆரம்பித்தார். ஆனால் கூட்டம் அவரையே முந்திக்கொண்டது. "வண்டி சொல்லும் சாமி! சொல்லிக் காட்டட்டும்!" பக்தர்களின் ஆவேசத்துக்கு முன்னால் ஞானி கூட வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

அவள் டீச்சரம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். பிறகு காரின் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, ஸ்டீரிங்கிடம் அதையே கிசுகிசுத்தாள். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி விலை கேட்ட பெண் ரகசியமாக மட்டும் என்ன வள்ளலாகவா இருக்கப் போகிறாள்?

பாஆஆஆம்!

"பார்த்தாயா!" என்று கர்ஜித்தார் ஞானி. "பேராசை! வண்டி பொறுக்கவில்லை!"

"டீச்சர், நான் சொன்ன விலை என்ன? உரக்கச் சொல்லுங்க."

டீச்சரம்மாவின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. "வந்து... பலகையில போட்டிருக்கிற விலைங்க. அப்படியே. ஒரு பைசா குறைக்கல."

சைக்கிள்காரர் கேட்டார்: "அப்ப வண்டி அதோட விலையையே வேணாம்னு சொல்லுதா?"

கண்ணாடிக்காரர் மூடியிருந்த கண்களைத் திறந்தார். நேற்றிலிருந்து முதல் முறையாக, ஞானியைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார்.

ஞானி லேசுப்பட்டவர் அல்ல. "ரகசியம் பேசியதால் வந்த கோபம் அது! வண்டிக்கு ஒளிவுமறைவு பிடிக்காது!"

"காதோட சொன்னா கேக்கும்னு இப்பத்தானே சொன்னீங்க? சரி, பெரியவங்க நீங்க, உங்க வார்த்தையை நான் தட்டல. கோவம் ஆறட்டும். மரியாதையா இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

மறுபடியும் டீச்சரம்மாவின் காது. இந்த முறை டீச்சரம்மா 'ஹா' என்று வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடியும் ஜன்னல். மேனேஜர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு முறை முழு விலையைத் துரத்திவிட்டாகிவிட்டது. இன்னொரு முறை துரத்தினால் கடையை மூட வேண்டியதுதான்.

நீலக் கார் அழகாக, பணிவாக, இரண்டு முறை விளக்கைச் சிமிட்டியது.

"சம்மதம்!" என்று ஞானி கைதூக்கினார். "வண்டி மனமிரங்கிவிட்டது! அந்த விலைக்கு இந்த வண்டி உங்களுடையது! இனி யாராலும் மாற்ற முடியாது!"

"யாராலும் மாத்த முடியாதா?"

"முடியாது!"

"சொல்லுங்க டீச்சர்."

டீச்சரம்மா ஞானியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். "ஒரு டீ" என்றார்.

"என்ன?"

"ஒரு டீ விலைங்க. சர்க்கரை இல்லாத டீ."

முதலில் சிரித்தது பின்வரிசையில் யாரோ. அப்புறம் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "சாமி, எனக்கும் ரெண்டு வண்டி கட்டிக் கொடுங்க, நான் வடை விலையும் சேத்துத் தரேன்!" என்று ஒரு குரல். விற்பனைப் பெண் மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "இதெல்லாம் வண்டியோட விளையாட்டு மேடம்! சாவி அங்க கிண்ணத்துல இருக்கு, எல்லாரும் பாருங்க! நாங்க யாரும் தொடல!"

அப்போதுதான் கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. முன்பணப் பையை இரண்டு கைகளாலும் ஏந்தி, மேனேஜருக்கு முன்னால் நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பவ்யம்.

"என் வீட்டுக்காரி ஏதோ விளையாட்டுத்தனமா பண்ணிட்டா சார். மன்னிச்சுக்கங்க. பலகை விலைக்கே எடுத்துக்கறேன். இந்தாங்க. நல்ல காரியம் பாருங்க, ரெண்டு கையாலயும் வாங்கிக்கங்க."

பையின் கனத்தைக் கண்ட மேனேஜரின் கண் விரிந்தது. ஆசை மூளையை முந்தியது. இரண்டு கையும் பறந்து வந்தன.

பாக்கெட்டுக்குள் குடியிருந்த கையோடு, சுண்டுவிரலில் வளையம் மாட்டியபடி, இன்னொரு சாவியும் வெளியே வந்தது. பையில் இடித்துத் தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் எந்தப் பொத்தான் அழுந்தியதோ, நீலக் கார் 'பாம்' என்று ஒரு கத்துக் கத்தி, தானாகவே உண்மையை ஒப்புக்கொண்டது.

கண்ணாடிக்காரர் பையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். குனிந்து சாவியை எடுத்து, டீச்சரம்மாவிடம் கொடுத்தார்.

"அழுத்திப் பாருங்க டீச்சர்."

டீச்சரம்மா அழுத்தினார். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். ஹாரன் அடித்தது. ஏழு எட்டு முறை அழுத்தினார், ஒவ்வொரு முறையும் முகம் சிவந்துகொண்டே போனது. "போன மாசம் என் சிவப்பு வண்டியும் இப்படித்தானாய்யா சம்மதிச்சுது?" என்று மேனேஜரை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார். பின்னாலேயே முப்பது நாற்பது பேர் எடுத்து வைத்தார்கள்.

அந்தச் சந்தடியில் ஞானி சர்வீஸ் கதவு வழியாக மறைந்தார். கொஞ்ச நேரத்தில், கோட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாராம். ஊரில் இருக்கும் அத்தனை கார்களோடும் பேசத் தெரிந்தவரிடம் சொந்தமாக ஒரு கார் கிடையாது.

சம்மதக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக மேனேஜர் நாற்காலிமேல் ஏறி நின்று அறிவித்த பிறகுதான் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. தருகிற வரைக்கும் நகர்வதில்லை என்று டீச்சரம்மா சாவியோடு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜரின் சின்ன அறையில் மூன்று பேர். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மேடம், நீங்க என்ன விலை சொன்னாலும் சரி. எடுத்துட்டுப் போயிடுங்க. தயவுசெஞ்சு."

"டீ விலைக்கா?"

"மேடம்..."

"பயப்படாதீங்க. உங்க வயித்துல அடிச்சு எங்களுக்கு என்ன ஆகப் போகுது? அடுத்த ஊர் ஷோரூம்ல இதே வண்டிக்கு இதான் விலை சொன்னாங்க." ஒரு எண்ணைச் சொன்னாள். "அதுக்குக் கீழயும் வேண்டாம், மேலயும் வேண்டாம். பாலிஷ் போட்டேன், காகிதம் நகத்தினேன்னு அப்புறம் ஒண்ணொண்ணாச் சேக்கக் கூடாது. சொல்லுங்க, கட்டுமா கட்டாதா?"

மேனேஜர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். "கட்டும்" என்றார். தனக்கே ஆச்சரியமாக இருந்தது போலச் சொன்னார். "நல்லாவே கட்டும்."

"பேரம்னா இவ்வளவுதாங்க" என்றாள் கணவனிடம். "நீங்க கேப்பீங்க, அவங்க சொல்லுவாங்க. யாரும் சாக மாட்டாங்க."

கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு, எத்தனையோ மாதங்களாக நெஞ்சில் கட்டியிருந்த மூச்சை நீளமாக விட்டார். "மழையில மெதுவா ஓட்டறேன்" என்றார். "டயரை மாசா மாசம் பாத்துக்கறேன்."

"அதுக்குப் பேருதாங்க பாதுகாப்பு" என்றாள் அவள்.

வெளியே வந்தார்கள். டீச்சரம்மா வாசலில் பணத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வேகமாக ஓடி வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்களில் அதே பழைய ஒளி.

"அம்மா, அந்த ஆள் சுத்த மோசடி. ஆனா நீங்க வண்டி காதுல பேசினதும் எல்லாம் எப்படி வெளிய வந்துச்சு பாருங்க! அதுவும் ரெட்டைக் குழந்தை வயித்துல இருக்கிறப்ப! உங்ககிட்டத்தான் நிஜமான சக்தி இருக்கு. என் சிவப்பு வண்டிமேல ஒரு தடவை கை வைங்கம்மா. கட்டணம் எவ்வளவுன்னாலும் தரேன்."

பின்னால் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். சைக்கிள்காரர் முதல் ஆள்.

அவள் டீச்சரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"சக்தி ஒண்ணும் இல்லீங்க டீச்சர். ரெண்டு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அதைக் கேக்க உங்களுக்கும் வாய் இருக்கு, யோசிக்க உங்களுக்கும் தலை இருக்கு. பணப்பையை மட்டும் எடுத்துட்டு வராம, அடுத்த தடவை அந்தத் தலையையும் கூட எடுத்துட்டு வாங்க."